காந்தம் ஒட்டிய பானெட்

4

"காந்தம் ஒட்டிண்டுடுத்து. அதான் பிரச்சினை" என்றார் விஜயராகவன்.

"ஒட்டாத காந்தத்தைதான் சார் பிரச்சினைன்னு சொல்லுவாங்க" என்றான் லாசர்.

மயிலாப்பூர் கேசவப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் மூன்று மாடிக் குடியிருப்பு. கீழே தகரக் கதவு போட்ட கராஜ். உள்ளே சிவப்பு எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார், 1966 மாடல். இரண்டு பேர் உட்காரலாம். மேற்கூரை கிடையாது. இடம் போதாததால் காரின் வலது பக்கம் சுவரை உரசிக்கொண்டு நின்றது. இடது பக்கத்தில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம்.

தங்கபுஷ்பம் ஒருக்களித்து நடந்துகொண்டிருந்தாள். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து யார் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லும் வேலை. இப்போதும் அதே வேலை. கம்பெனி மட்டும் இல்லை. லாசர் அவளுடைய உதவியாளன். பட்டினப்பாக்கத்துக்காரன். பைக் ஓட்டுவது அவன் வேலை. பேசுவது யாரும் கொடுக்காத வேலை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்றாள்.

"இந்த மாடலுக்கு முன்னாடி எஞ்சினை மூடற பானெட் மட்டும் அலுமினியம். மத்ததெல்லாம் இரும்பு. பழைய கார் வாங்க வரவா பாக்கெட்ல துணி சுத்தின காந்தம் வெச்சிண்டு வருவா. கதவுல ஒட்டணும். பானெட்ல ஒட்டப்படாது. அஸ்வத்னு ஒரு பையன் வந்தான். பானெட்ல வெச்சான். பல்லி மாதிரி ஒட்டிண்டுது."

"அப்புறம்?"

"பானெட் மாத்தின வண்டி, அப்போ அடிபட்ட வண்டின்னுட்டான். நான் கேட்டது முப்பத்தெட்டு லட்சம். இருபத்தாறு தரேன்னான். பழைய கார்க்காரா வாட்ஸப் க்ரூப்ல அதைப் போட்டும் விட்டான். அதுக்கப்புறம் ஒருத்தரும் ஃபோன் பண்ணலை. எங்கப்பா காலத்து வண்டி மேடம். ஒரு கீறல் பட்டதில்லை. பெயிண்ட் அடிச்சதே இல்லை."

"இருபத்தாறுக்குக் குடுத்தா என்ன ஆகும்?"

அவர் மேலே பார்த்தார். "எங்காத்துல அவளுக்கு ரெண்டு முழங்காலும் போயாச்சு. நாங்க இருக்கறது மூணாவது மாடி. போன தீபாவளிக்கு மேல ஏறினவ இன்னும் கீழ இறங்கலை. கோட்டூர்புரத்துல லிஃப்ட் வெச்ச ஃப்ளாட் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். இந்த ஃப்ளாட்டை வித்து, மேல முப்பத்தெட்டு போட்டா லிஃப்ட். இருபத்தாறு போட்டா படிக்கட்டு. நாளைக்குப் பதில் சொல்லணும்."

மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடை கயிற்றில் இறங்கியது. உள்ளே ஃப்ளாஸ்க், டம்ளர்கள்.

"ஏன்னா, சர்க்கரை தனியா இருக்கு. வந்தவாளைக் கேட்டுட்டுப் போடுங்கோ" என்றது மேலிருந்து ஒரு குரல்.

"லிஃப்ட் கீதே சார்" என்றான் லாசர். "ஆளு மட்டும் ஏற முடியாது."

தங்கபுஷ்பம் காபியை வாங்கிக்கொண்டு டிக்கியருகே குனிந்தாள். கை நிறைய டம்ளர். பூட்டைப் பார்க்க வேண்டும். டம்ளரை டிக்கி மேல் வைத்தாள்.

விஜயராகவன் பதறிக்கொண்டு வந்தார். "மேடம், அது மேல வெக்காதேங்கோ."

எடுத்தாள். ஆனால் நகரவில்லை. டம்ளரைச் சுற்றி ஆவி படிந்து பெயிண்ட் மங்கியிருந்தது. அந்த மங்கலுக்குள் ஒரு வட்டம். விரல் நுனி அளவு. அதன் பக்கத்தில் இன்னொன்று. அங்கே மட்டும் ஆவி வேறு மாதிரி படிந்திருந்தது. சில நொடிகளில் ஆவி காய்ந்தது. வட்டங்களும் காணாமல் போயின.

"இங்க பொட்டு வைப்பீங்களா?"

"ஆயுத பூஜைக்கு. சந்தனம், குங்குமம். ஆத்துக்காரி வேதவல்லி துடைக்கவே விடமாட்டா. தானா உதிரணும்பா. கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து அதே இடம்."

"அவ்வளவு வருஷம் ஊறினா பெயிண்ட்டுல தடம் விழத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியாது. ஆவிக்குத் தெரியும்" என்றாள். "பானெட்ல என்ன வைப்பாங்க?"

"பானெட்ல பெரிய நாமம். சந்தனத்துல. எங்காத்துல எல்லாருக்கும் உண்டு, அதுக்கு மட்டும் இல்லைன்னா எப்படி?"

"எந்தப் பக்கம் நின்னு போடுவாங்க?"

"இந்தப் பக்கந்தான். அந்தப் பக்கம் சுவர்னா இருக்கு. அவளுக்குக் கை எட்டாது. நடுவுல விழாது, இப்படி இடது பக்கமா சாஞ்சு விழும். இந்த வருஷம் நான் போட்டேன். அவ வீடியோ கால்ல பார்த்துண்டே, இன்னும் சாய்ங்கோ, இன்னும் சாய்ங்கோன்னா."

தங்கபுஷ்பம் லாசரின் டம்ளரைப் பிடுங்கினாள். ஃப்ளாஸ்கிலிருந்து சூடான காபி ஊற்றி பானெட்டின் மேல் அங்குலம் அங்குலமாகக் காட்டினாள். ஆவி படிந்தது. காய்ந்தது. வெறும் சிவப்பு.

"முதுகெல்லாம் பொட்டு. நெத்தி மட்டும் காலி" என்றான் லாசர். "யக்கா, என் காபி."

"சார், இது உங்க பானெட் இல்ல. இந்த ஆயுத பூஜைக்கு அப்புறம் யாரோ கழட்டிட்டு வேற மாட்டியிருக்காங்க. கடைசியா அலுமினியம்னு உறுதியாப் பார்த்தது யார்?"

"அடையார் ஜவஹர் சார். பழைய கார்களுக்கு விலை சொல்றதுல ஊர்ல அவர்தான். தானே வந்தார். காந்தம் வெச்சுப் பார்த்துட்டு, முப்பத்தெட்டுலேர்ந்து ஒரு ரூபா குறைக்காதேள்னார். காபி தவிர ஒண்ணும் வாங்கிக்கலை."

"அப்புறம் வண்டி எங்க போச்சு?"

"பட்டினப்பாக்கம் கடற்கரை. விளம்பரத்துக்கு ஃபோட்டோ எடுக்க. பின்னாடி கடல் இருந்தா விலை நிக்கும்னார் ஜவஹர். அவரும் கூட வந்தார். பாதியில வெயில் ஏறிடுத்து. மேகம் வரட்டும்னு ஃபோட்டோ எடுக்கற பையனையும் அழைச்சிண்டு மூணு பேருமா டிஃபனுக்கு வந்துட்டோம்."

"வண்டி?"

"அங்கேயே விட்டுட்டு வந்தேன். சாவி என் பாக்கெட்லன்னா இருந்தது."

"பானெட் திறக்க சாவி எதுக்கு? கூரை இல்லாத வண்டி. கையை விட்டு உள்ள இருக்கிற பிடியை இழுத்தாப் போதும்."

விஜயராகவன் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

பட்டினப்பாக்கத்தில் கெங்கம்மா வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். லாசரின் அத்தை. கடற்கரைச் சாலையில் எந்த வண்டி நின்றாலும் அவளுக்குத் தெரியும். நிற்காமல் போனாலும் தெரியும்.

"செவப்புக் காரா? பார்த்தேனே" என்றாள். "குட்டியானை லோடு வண்டில ரெண்டு பசங்க வந்தானுங்க. முன்னாடி மூடிய கழட்டுனானுங்க. அதே மாரி வேற மூடிய மாட்டுனானுங்க. போய்க்கினே இருந்தானுங்க. ரிப்பேருன்னு நெனச்சேன்."

"ஏன் அத்தே, அதே மாதிரி மூடிய மாட்டுறது இன்னா ரிப்பேரு?"

"நீ தினம் அதே மாரி சட்டைய மாத்திக்கினு வரலியா? உன்னை யாருனா கேட்டாங்களா?"

லாசர் சட்டையைக் குனிந்து பார்த்தான்.

"அம்மா, அந்த மூடியை எப்படிக் கொண்டு வந்தாங்க?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"மெத்தைல சுத்தி. பச்சப்புள்ளய தூக்குற மாரி தூக்கிக்கினு வந்தானுங்க. கழட்டுனதையும் மெத்தைலதான் சுத்துனானுங்க. ரெண்டு மெத்தை. மீன் வாங்கினு போறியாம்மா?"

தங்கபுஷ்பம் அரைக் கிலோ வாங்கினாள். பைக்கில் ஏறும்போது கேட்டாள்.

"லாசரு, திருடிட்டுப் போற பொருளை மெத்தைல சுத்துறது சரி. விட்டுட்டுப் போற பொருளை எதுக்குச் சுத்தணும்?"

"நல்ல திருடன் போல கீது."

"இருக்கலாம். தி.நகருக்கு விடு."

உஸ்மான் சாலையில் அஸ்வத்தின் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. மூன்றாவது மாடி, கல்யாணப் பட்டு. அஸ்வத்துக்கு முப்பது வயது இருக்கும். ஒரு மணப்பெண்ணின் பெரியம்மாவுக்குப் பன்னிரண்டாவது புடவையை விரித்துக் காட்டிவிட்டு வந்தான்.

"நீங்கதான் பானெட்டை மாத்தினீங்கன்னு லாசர் சொல்றான்" என்றாள் தங்கபுஷ்பம்.

"யக்கா, நான் மனசுக்குள்ளதான் சொன்னேன்."

அஸ்வத் கோபப்படவில்லை. "நான் மாத்தியிருந்தா காந்தம் வெச்சு ஊருக்கெல்லாம் ஏன் காட்டப் போறேன்?"

"வெல குறையும்ல நைனா" என்றான் லாசர். "பன்னெண்டு லட்சம் கொறச்சலா வாங்கிட்டு, அப்பால நைசா பழைய மூடிய மாட்டிக்கலாம். நானா இருந்தா அப்டிதான் செய்வேன்."

"அதனாலதான் நீங்க பைக் ஓட்றீங்க ப்ரோ. க்ரூப்ல அத்தனை பேரும் அது இரும்பு பானெட்னு பார்த்தாச்சு. நாளைக்கு என் வண்டில திடீர்னு அலுமினியம் வந்தா சும்மா விடுவாங்களா? அந்தக் கூட்டத்துக்குக் கல்யாணத் தேதி மறக்கும். பானெட் மறக்காது." அவன் தங்கபுஷ்பத்திடம் திரும்பினான். "அந்த இருபத்தாறு கூட, பெரியவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதுதான் மேடம். எனக்கு இரும்பு பானெட் வண்டி வேணாம். சரியான பானெட்டோட காட்டுங்க, இன்னைக்கே முப்பத்தெட்டு."

"கடையில வாங்கி மாட்டிக்க முடியாதா?"

"இரும்பு பானெட்டே கப்பல்ல வரணும். வந்தாலும் புதுசாத் தெரியும். அந்தக் காலத்துச் சிவப்பு இப்ப எந்த டப்பாலயும் கிடையாது."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"வேற எம்.ஜி.பி. பார்த்துட்டேன். அதே வருஷம், அதே சிவப்பு. ஜவஹர் சாரோடது. விக்கப் போறதா இந்த வாரந்தான் சொன்னார். நாப்பது கேட்கிறார். சாயங்காலம் அட்வான்ஸ்."

"காந்தம் வெச்சீங்களா?"

"அவரே வைன்னார். வழுக்கி விழுந்துச்சு மேடம்." காதலியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

தங்கபுஷ்பம் கீழே இறங்கும்போது விஜயராகவனுக்கு ஃபோன் செய்தாள். சாயங்காலம் அடையாருக்கு வரச் சொன்னாள்.

"அங்க எதுக்குக்கா?" என்றான் லாசர்.

"விலை கேட்க."

"நம்ம கிட்ட அரைக் கிலோ வஞ்சிரம்தான் கீது."

காந்தி நகரில் ஜவஹரின் வீடு. வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, நல்ல சிரிப்பு. விஜயராகவனைத் தோளில் கை போட்டு அழைத்துவந்தார்.

"ராகவன், கேள்விப்பட்டதும் எனக்கு மனசே சரியில்லை. நான் பார்த்தப்போ அது அலுமினியம்தான். எங்க வேணா வந்து சொல்றேன். ஃபோட்டோ எடுத்த பையன் மேலதான் எனக்குச் சந்தேகம்."

"அவன் நம்மகூட டிஃபன் சாப்பிட்டிண்டிருந்தானே."

"அவனுக்கு ஆளா கிடைக்காது?"

"டிஃபனுக்குப் போகலாம்னு முதல்ல சொன்னது யார் சார்?" என்றாள் தங்கபுஷ்பம். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"பசிச்சவங்க யாராவது சொல்லியிருப்பாங்க" என்று சிரித்தார் ஜவஹர். "அஸ்வத் வந்தாச்சு. வாங்க, என் வண்டியைப் பாருங்க."

கராஜ் கதவைத் தள்ளினார். குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே வெள்ளை விளக்கு, வெள்ளைத் தரை, நடுவில் சிவப்பு எம்.ஜி.பி.

"இருபத்து நாலு மணி நேரமும் ஏ.சி. இது கராஜ் இல்லைம்மா, ஆபரேஷன் தியேட்டர்."

"பேஷன்ட்டுக்கு ஜலதோஷம் புடிக்கும் சார்" என்றான் லாசர்.

"மெட்ராஸ்ல பழைய வண்டிக்கு எதிரி ரெண்டு. உப்புக் காத்து ஒண்ணு. ஆயுத பூஜை ஒண்ணு." ஜவஹர் விரல் நீட்டினார். "கென்யாலேர்ந்து வந்த நாள் முதல் என் வண்டி மேல ஒரு சொட்டு சந்தனம் பட்டதில்லை. குங்குமம் கிடையாது. டயருக்கு எலுமிச்சம்பழம் கிடையாது. வீட்ல கேட்டாங்க. முடியவே முடியாதுன்னுட்டேன். பெயிண்ட்தான் விலை."

விஜயராகவன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அஸ்வத் நாப்பது லட்சம் தரப் போறார்" என்றாள் தங்கபுஷ்பம். "விளக்கு வெளிச்சத்துல பார்த்தா போதுமா? பொழுது இருக்கும்போதே வெளிய தள்ளிப் பார்க்கலாமே."

"தாராளமா" என்றார் ஜவஹர். அவருக்குத் தன் பெயிண்ட் மேல் அவ்வளவு நம்பிக்கை.

லாசரும் அஸ்வத்தும் தள்ளினார்கள். வெளியே மழை வருமா வராதா என்று யோசித்துக்கொண்டிருந்த சாயங்காலம். காற்றில் கடலின் பிசுபிசுப்பு. நின்ற இடத்திலேயே சட்டை முதுகில் ஒட்டியது.

கார் வாசலுக்கு வந்தது. ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரின் மூக்குக்கண்ணாடி மாதிரி, மெல்ல வெளுத்தது. கதவுகள் மங்கின. டிக்கி மங்கியது. பானெட் முழுக்கப் பனி படர்ந்தது.

பனி நடுவே ஏதோ தெளிந்து வந்தது.

முதலில் ஒரு கோடு. பக்கத்தில் இன்னொரு கோடு. இரண்டும் கீழே வளைந்து சேர்ந்தன. நடுவில் மூன்றாவது. பெரிய நாமம். நடுவில் இல்லை. இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது.

விஜயராகவனின் இரண்டு கைகளும் தாமாகக் குவிந்தன. "கோவிந்தா" என்றார்.

ஜவஹர் கைக்குட்டையை எடுத்தார். அவசரமாகத் துடைத்தார். பானெட் பளிச்சென்றானது. அவர் நிமிர்வதற்குள் பனி மறுபடி படர்ந்தது. நாமமும் மறுபடி வந்தது.

"அழுத்தித் துடைக்காதீங்க சார்" என்றான் லாசர். "ஒரிஜினல் பெயிண்ட்டு."

ஜவஹர் இரண்டாவது முறை துடைக்கவில்லை.

"உங்க வண்டி மேல சந்தனமே பட்டதில்லைன்னு இப்பதான் சொன்னீங்க" என்றாள் தங்கபுஷ்பம். "கதவுல பாருங்க, சுத்தமா இருக்கு. டிக்கியும் சுத்தம். மயிலாப்பூர்ல இருக்கிற வண்டிக்கு நெத்தி காலி. இந்த வண்டிக்கு நெத்தி மட்டும்தான்."

"யாரோ என்னை..."

"மெத்தைதான் சார் காட்டிக் குடுத்துச்சு. கழட்டினதை மெத்தையில சுத்தினாங்க. புரியுது. மாட்ட வந்ததையும் மெத்தையில சுத்திக் கொண்டு வந்திருக்காங்க. திருடன் விட்டுட்டுப் போற தகரத்துக்கு யாரு மெத்தை போடுவா? அதையும் செல்லமா வளர்த்தவர் போடுவார். கீறல் விழுந்தா மனசு தாங்காதவர். நாங்க வாங்க வந்தவரைச் சந்தேகப்பட்டுட்டு இருந்தோம். விக்கிறவரைப் பார்த்திருக்கணும்."

அஸ்வத் ஜவஹரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாலு வருஷமா கேட்டேன் சார். ஒரு தரம் காந்தம் வெச்சுப் பார்க்கிறேன்னு. இந்த வாரந்தான் விட்டீங்க."

ஜவஹர் படியில் உட்கார்ந்தார். வெள்ளை மீசையிலும் வியர்வை.

"கென்யாலயே யாரோ மாத்திட்டாங்க" என்றார். "வாங்கின அப்புறம்தான் தெரிஞ்சுது. ஊர்ல இருக்கிற எல்லா வண்டிக்கும் விலை சொல்ற ஆள் நான். என் வண்டிக்கு மட்டும் யாரையும் விலை சொல்ல விட்டதில்லை. ராகவனோட பானெட்டைப் பார்த்தேன். அவருக்கு அதோட அருமை தெரியலைன்னு தோணிச்சு. சந்தனத்தைப் பூசி வெச்சிருக்கார்."

"எங்காத்துல அவ பூசினது" என்றார் விஜயராகவன். அவருடைய குரல் உயரவில்லை. "நான் தப்பா நினைக்கலை, ஜவஹர். நாம சாப்பிட்டப்போ ரெண்டாவது தரம் காபி சொன்னேளே, அதுதான் மனசுல நிக்கறது. அவ்வளவு அன்பா சொன்னேள்."

ஜவஹர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"போலீஸ்?" என்றாள் தங்கபுஷ்பம்.

"வேண்டாம். போலீஸுக்குப் போனா பானெட் சாட்சிப் பொருளாயிடும். கோர்ட்ல உக்காந்துண்டு வருஷக்கணக்கா வராது. எனக்கு நாளைக்கு லிஃப்ட் வேணும்."

லாசர் ஜவஹருக்கு அவருடைய ஃபோனை எடுத்துக் கொடுத்தான். "அந்த ரெண்டு பசங்களைக் கூப்புடு சார். ராத்திரிக்குள்ள மயிலாப்பூர்ல மாட்டிடணும். அப்பால க்ரூப்ல ஒரு வரி. ராகவன் சார் வண்டி ஒரிஜினல், முப்பத்தெட்டுக்கு ஒரு ரூபா குறையாதுன்னு. மெத்தை உன் செலவு."

ஜவஹர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். விஜயராகவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"அடிபடாத வண்டின்னும் சேர்த்துக்கோங்கோ" என்றார்.

சேர்த்தார்.

"உன் வண்டிக்கு இப்ப இன்னா விலை சார்?" என்றான் லாசர்.

ஜவஹர் நிமிர்ந்து பார்த்தார். தொழில் புத்தி போகவில்லை. "இருபத்தாறு" என்றார்.

அஸ்வத் பானெட்டைச் சுற்றி நடந்தான். பனி ஓரங்களில் சொட்டத் தொடங்கியிருந்தது. நாமம் இன்னும் தெரிந்தது.

"மாமா, முப்பத்தெட்டு. நாளைக்குக் காலைல வரேன். காந்தம் கொண்டு வர மாட்டேன்."

"நாமம் போகாதுப்பா. பாலிஷ் போட்டாலும் பெயிண்ட்தான் போகும்" என்றார் விஜயராகவன்.

"போகவே கூடாது. எங்க வீட்ல பட்டை போடுறவங்க. பக்கத்துல அதுவும் ஒண்ணு போட்டுக்கிறோம்."

விஜயராகவன் அதற்குச் சிரித்தார். காலையிலிருந்து முதல் முறை. ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வேதா. முப்பத்தெட்டு. முடிஞ்சுடுத்து."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு தெளிவான குரல்.

"ஏன்னா, அந்த லிஃப்ட்ல கண்ணாடி இருக்கா?"

"கண்ணாடியா?"

"வெளில போய் எத்தனை மாசம் ஆறது. நாலு பேர் பார்ப்பா. இறங்கறச்சே ஒரு தரம் முகம் பார்த்துண்டு போக வேண்டாமா?"

அவருக்குத் தெரியவில்லை. ஃப்ளாட்டை மூன்று தடவை போய்ப் பார்த்தவர். சமையலறையைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். லிஃப்ட்டில் கண்ணாடி இருந்ததா என்று ஞாபகமில்லை. உதவி கேட்டுத் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். அவள் லாசரைப் பார்த்தாள்.

லாசர் ஏற்கெனவே பைக்கை உதைத்துவிட்டான்.

"ஏறுங்க மாமா. கோட்டூர்புரம் இந்தோ பக்கத்துலதான கீது. கண்ணாடி இல்லன்னா ஒண்ணு வாங்கினு வந்து நம்மளே மாட்டிடலாம்."